கடைசி ஆள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையிலிருந்த ஜெர்மானியர்கள் புறமுதுகு காட்டி ஓடினார்களாமே? பிழைக்க வந்தவனுக்கு அந்த மண் மீது என்ன பாசம் இருக்கும்? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: ஓடினார்கள். 1863 மே 2, வர்ஜீனியாவில் சான்சலர்ஸ்வில். துப்பாக்கிகளைச் சாத்திவைத்துவிட்டு ராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். திடீரென்று காட்டுக்குள்ளிருந்து மானும் முயலும் தலைதெறிக்க ஓடி வந்தன. பின்னாலேயே தெற்குப் படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் ஆட்கள், ஏறத்தாழ 28,000 பேர். ஜெர்மானியர்கள் இருந்த வடக்கின் 11-வது படைப்பிரிவைத் தெற்கே பார்த்து நிறுத்தியிருந்தார்கள். அடி விழுந்ததோ மேற்கிலிருந்து. அந்தப் பிரிவில் ஜெர்மானியர் அல்லாத ரெஜிமென்ட்டுகளும் நிறைய உண்டு, அவர்களும்தான் ஓடினார்கள். பத்திரிகைகளின் கண்ணுக்கு ‘டச்சுக்காரர்கள்’ மட்டும் தெரிந்தார்கள். (‘டாய்ச்’ அமெரிக்க நாக்கில் டச்சு ஆனது. ஹாலந்து பாவம், இதில் சம்பந்தமே இல்லை.)

சரி, யாருக்கும் முன்கூட்டியே தெரியாதா? தெரியும். சின்சினாட்டி ஜெர்மானியர்கள் நிறைந்த ஒஹாயோ பீரங்கி பேட்டரி (சில பீரங்கிகள் கொண்ட அணி) ஒன்றின் கேப்டன் ஹூபர்ட் டில்கர். அன்று பிற்பகல் தானே குதிரையேறி மேற்கே போய்ப் பார்த்தார். எதிரியின் குதிரைப்படை துரத்த, தப்பி வந்து மொத்தப் படையின் தலைமையகத்தில் சொன்னார். உன் கதையை உன் பிரிவில் போய்ச் சொல் என்றார் ஒரு மேஜர். பிரிவில் சொன்னால், உத்தரவில்லாமல் ஏன் வேவு பார்த்தாய் என்று கண்டிப்பு!

மாலையில் எல்லாம் சிதறியபோது, ஒரே ஒரு பீரங்கியைச் சாலையில் வைத்துக்கொண்டு நின்றார் டில்கர். சுடுவது, கையால் பின்னுக்கு இழுப்பது, மறுபடி சுடுவது. அந்தக் குறுகிய சாலையில் துரத்தி வந்தவர்களின் வேகம் அடங்கியது.

இரண்டே மாதத்தில் பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் சண்டை. ஜூலை 2 இருட்டும் நேரத்தில், கல்லறை மேட்டில் பஃபலோ ஜெர்மானியர்களின் பேட்டரிக்குள்ளேயே தெற்கின் லூசியானா வீரர்கள் ஏறிவிட்டார்கள். கேப்டன் மைக்கேல் வீட்ரிக்கின் ஆட்கள் மருந்து இடிக்கும் கழியாலும், பீரங்கியை நெம்பித் திருப்பும் கட்டையாலும், கையில் கிடைத்த கல்லாலும் அடித்தார்கள். காலாட்படை உதவிக்கு வந்தது, பீரங்கிகள் பறிபோகவில்லை. ஓடினார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த மேட்டுப் பக்கம் வருவதே இல்லை.

மண் பாசம் கேட்டீர்களே. டில்கருக்கு அது பூர்வீகமும் இல்லை, பிழைப்புத் தேடி வந்த இடமும் இல்லை. ஜெர்மனியின் பாடன் நாட்டில் குதிரைப் பீரங்கிப் படை அதிகாரி; லீவு போட்டுவிட்டு இந்தப் போருக்கென்றே வந்தவர். தொழில் தெரிந்த மனிதர், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அவருக்குக் கொடுக்க 1893 வரை ஆயிற்று. பின்வாங்கியதில் கடைசி ஆள் இவர்தான் என்று அதற்கான குறிப்பிலேயே இருக்கிறது. ஓடியவர்கள் பட்டியலில் டில்கரையும் சேர்த்தே தீருவேன் என்றால், அந்த வரிசைப்படியே எழுதுங்கள்.