பந்தியில் கடைசி ஆள்

அன்புள்ள ஐயா,

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன் நான். எங்கள் துறையில் நான்கு கணினிகளை (நோடு) இணைத்த, மொத்தம் 64 கோர் கொண்ட லினக்ஸ் கிளஸ்டர் இருக்கிறது. மூன்று நோடில் ஓடும் ஜாப்பை நான்கிலும் ஓட்டினால் வேகம் கூடவே மாட்டேன் என்கிறது. கோர்களின் பளுவைக் காட்டும் 'டாப்' போட்டுப் பார்த்தால் எல்லாக் கோரும் 98 சதவீதம். நெட்வொர்க் கார்டை மாற்றச் சொல்கிறார்கள். எந்த லினக்ஸ் போடலாம்? இயங்குதளம் படிப்பது இனி வீண் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

கே.

அன்புள்ள கே.,

எந்த லினக்ஸ் வேண்டுமானாலும் போடுங்கள். நண்பர்களை விடுங்கள். அந்த 98 சதவீதத்தைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. ஒரு ஜாப்பின் பிராசஸ்கள் (கோருக்கு ஒன்றாக ஓடும் பகுதிகள்) தங்களுக்குள் செய்தி அனுப்ப உதவும் எம்பிஐ நூலகங்களில் பெரும்பாலானவற்றில், மற்ற பிராசஸ்களுக்காகக் காத்திருக்கும் கோரும் 'வந்தாச்சா, வந்தாச்சா' என்று கேட்டுச் சுழன்றுகொண்டேதான் இருக்கும். டாப் அதையும் வேலைக் கணக்கில் எழுதிவிடும். முதுகலை மாணவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் கடிதம் எழுதலாமா?

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்த ஆஸ்கி க்யூ சூப்பர் கணினியைப் பற்றிச் சில நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். 2,048 நோடு, நோடுக்கு 4 பிராசஸராக 8,192. சேஜ் என்ற நிரல் அதில் எதிர்பார்த்த வேகத்தில் பாதிதான் ஓடியது. நோடுக்கு ஒரு பிராசஸரைச் சும்மா விட்டால் வேகம் கூடியது! அந்த ஆய்வகத்தின் பெட்ரினி, கெர்பிசன், பேக்கின் மூவரும் காரணம் தேடியதை 2003இல் எழுதினார்கள். முதலில் எல்லோரும் போல நெட்வொர்க்கைத்தான் சந்தேகித்தார்கள். எல்லா நோடும் சேர்ந்து கூட்டல் போடும் படியை ஏழு மடங்கு வேகப்படுத்தினார்கள். சேஜ் அசையவில்லை.

அப்புறம், ஒரு மில்லிசெகண்ட் பிடிக்கும் சின்னக் கணக்கைப் பத்து லட்சம் முறை ஓடவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தார்கள். இயங்குதளத்தின் மையமான கர்னலும், பின்னணியில் ஓடும் சேவை நிரல்களான டீமன்களும் நடுநடுவே புகுந்து பிராசஸரைப் பிடுங்கியது தெரிந்தது. 32 நோடு கொண்ட ஒவ்வொரு கூட்டத்திலும் 0, 1, 31 ஆகிய நோடுகளில் கூடுதல் தொல்லை. தனி நோடில் பார்த்தால் இழப்பு ஓரிரு சதவீதம்தான்.

ஓரிரு சதவீதம் எப்படிப் பாதியை விழுங்கும்? பழைய கல்யாணப் பந்தி பார்த்திருப்பீர்கள். கடைசி ஆள் பாயசம் குடித்து முடிக்காமல் யாரும் எழக்கூடாது. ஒருவருக்கு விக்கினால் வரிசை முழுக்க உட்கார்ந்திருக்கும். சேஜும் அப்படித்தான்: ஒரு படியை எல்லாப் பிராசஸும் முடித்தால்தான் அடுத்த படி. ஒரு படியில் ஒரு பிராசஸ் தடுக்கப்பட ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். 8,192 பிராசஸ் என்றால் படிக்குப் படி சராசரியாக எட்டுக்குத் தடங்கல். தடங்கலே இல்லாத படி பத்தாயிரத்தில் இரண்டு மூன்று தேறினால் அதிகம். சராசரி இங்கே பொய் சொல்லும், கே. நாம் காத்திருப்பது சராசரி ஆளுக்காக அல்ல.

அவர்கள் புது வன்பொருள் எதுவும் வாங்கவில்லை. தேவையற்ற டீமன்களை நீக்கினார்கள், சிலவற்றின் துடிப்பைக் குறைத்தார்கள், மிச்சத்தைக் கூட்டத்துக்கு ஒரு நோடில் ஒதுக்கினார்கள். வேகம் இரட்டிப்பானது.

இன்னொரு அமெரிக்க ஆய்வகமான லிவர்மோர்காரர்கள் அதே ஆண்டு வேறு வழி சொன்னார்கள்: விக்கலை ஒழிக்க முடியாவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் விக்கட்டும். எல்லா நோடின் கடிகாரத் துடிப்பையும் ஒன்றாக்கி, டீமன்களுக்குப் பொதுவான நேரம் ஒதுக்கும்படி தங்கள் கணினியின் இயங்குதளமான ஏஐஎக்ஸின் கர்னலையே மாற்றினார்கள். சேர்ந்து ஓட வேண்டியவற்றைச் சேர்த்தே ஓட்டு என்று கணினி அறிஞர் அவுஸ்டர்ஹவுட் 1982லேயே எழுதியதுதான். இன்று ஃபிரான்டியர் சூப்பர் கணினியில் நோடின் 64 கோரில் 8ஐ இயல்பாகவே இயங்குதளத்துக்கு விட்டுவிடுகிறார்கள். இயங்குதளம் வீணாம்!

உங்கள் 64 கோரில் அதே கணக்கு நூறு படிக்கு ஆறு தடங்கல்தான். ஆக உங்கள் நோய் வேறாகவும் இருக்கலாம்; அந்த நான்காவது நோடே மந்தமாக இருக்கலாம். கார்டுக்கு ஆர்டர் போடும் முன் அதே மில்லிசெகண்ட் சோதனையை ஒவ்வொரு கோரிலும் ஓட்டி, சராசரி எடுக்காமல், வந்த எண்களை வந்தபடியே எனக்கு அனுப்புங்கள்.