கின்போர்ஷ் (KinnPorsche) என்ற தாய்லாந்துத் தொடரில் காட்சிகள் பாதியில் அறுபடுவது ஏன்?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தொலைக்காட்சிக்காக வெட்டப்பட்ட வடிவமாகத்தான் இருக்கும். வெட்டப்படாத வடிவம் ‘லா ஃபோர்ட்டே’ என்ற துணைப்பெயருடன் ஐச்சியி (iQIYI) என்ற இணையக் காணொளித் தளத்தில் வெளியானது.

2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை 14 பகுதிகளாக வந்த இந்தத் தொடர், ஒன் 31 அலைவரிசையில் குறைக்கப்பட்ட காட்சிகளுடன் ஒளிபரப்பானது. தொடரின் பாத்திரங்களான வேகாஸும் பீட்டும் எப்படி நெருங்கினார்கள் என்பதே விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உறவு, சிறைபிடித்தவனுக்கும் சிறைபட்டவனுக்கும் இடையே, சித்திரவதையில் தொடங்கி மெல்ல மெல்லத் திரிந்து வளர்வது. அதன் கொடுமையை மழுப்பிவிட்டால் மிஞ்சுவது காரணமில்லாத காதல் மட்டுமே. கதையின் கனமே அங்கேதான் இருக்கிறது என்பதால், முழு வடிவத்தைப் பார்ப்பதே நியாயம் என்று கருதுகிறேன்.

சோதிக்க எளிய வழி உண்டு. முதலில், நீங்கள் பார்க்கும் தொடரின் பெயரோடு அந்தத் துணைப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்களைக் குழப்பிய அதே பகுதியின் ஓடும் நேரத்தை இரண்டு வடிவங்களிலும் ஒப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: முழு வடிவத்தில் சித்திரவதையும், சம்மதம் தெளிவில்லாத பாலுறவுக் காட்சிகளும் உள்ளன. முதன்மைப் பாத்திரங்களான கின், போர்ஷ் இருவருக்கும் இடையிலான முதல் நெருக்கமே, போர்ஷ் போதை மருந்தின் பிடியில் இருக்கும்போதுதான் நிகழ்கிறது. இவை உங்களை வருத்தக்கூடியவை என்றால், வெட்டப்பட்ட வடிவத்தோடு நின்றுவிடுவதில் தவறில்லை.