"வாயைத் திறங்கம்மா, டார்ச் அடிக்கணும்": வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் பதில்கள்

கேள்வி (குடியாத்தம் வாசகி): அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, 21 நாளுக்கு ஒருமுறை வேலூருக்குக் கூட்டிப்போய் கீமோ ஏற்றிக்கொண்டு வருகிறோம். ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கிறார், எச்சில் விழுங்கச் சொல்கிறார், ஏதோ மார்க் போடுகிறார். போன தடவை பல்செட்டைக் கழற்றச் சொன்னதில் அம்மாவுக்கு ஒரே கோபம். மார்பில் வியாதி, வாயில் என்ன வேலை?

பதில்: கோபம் நியாயம்தான், பல்செட் இல்லாத வாயை மருமகளுக்கே காட்டாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கீமோ மருந்துக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் செல் எதுவாக இருந்தாலும் அடிக்கும், முடி கொட்டுவதும் அதனால்தான். வாயின் உள்தோலும் சில நாளுக்கொரு முறை புதுசாக வளர்கிற சங்கதி. மருந்து ஏறி ஐந்தாறு நாளில் சிவக்கும், எரியும், சிலருக்குப் புண்ணாகும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான், அதாவது 7-லிருந்து 14 நாளுக்குள். அந்த நேரத்தில் வாயில் ஒரு புண் இருந்தால் கிருமி அது வழியாக நேரே ரத்தத்துக்குப் போய்விடும்.

அந்த மார்க் சிஸ்டர் தன் இஷ்டத்துக்குப் போடுவதில்லை. பல ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்துகிற ஒரு அட்டவணை, 1988-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜூன் எய்லர்ஸ் என்ற நர்ஸும் உடன் வேலை செய்தவர்களும் உருவாக்கியது. குரல், விழுங்குவது, உதடு, நாக்கு, எச்சில், உள்தோல், ஈறு, பல் என்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மார்க், ஆகவே எல்லாம் நன்றாக இருந்தால் 8, மோசமென்றால் 24. பரீட்சை மாதிரி இல்லை, இங்கே மார்க் குறையக் குறையத்தான் நல்லது. "பேர் என்னம்மா" என்று கேட்பது பேர் தெரியாமல் இல்லை, குரல் கரகரக்கிறதா என்று கேட்கத்தான். எச்சில் தண்ணியாக இருக்கிறதா, கோந்து மாதிரி இழுக்கிறதா என்பதும் அப்படித்தான்.

பல்செட் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் கூச்சப்படுகிறாரே என்று செட்டைக் கழற்றச் சொல்லாமலே எல்லாவற்றுக்கும் 1 போட்டேன். இரண்டு நாளில் குளிர் ஜுரம். செட்டைக் கழற்றினால் மேலண்ணத்தில் எட்டணா அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு, சுற்றிலும் ரத்தச் சிவப்பு. அதற்கப்புறம் நான் யாருடைய கூச்சத்துக்கும் இடம் கொடுத்ததில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், ராத்திரியிலும் செட்டைக் கழற்றி, கழுவி வைக்கட்டும்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): அப்பாவுக்கு நாலு நாளாக வாய்ப்புண், கஞ்சிகூட எரிகிறது. சிஸ்டர் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்கிறார். சொன்னால் அடுத்த கீமோவைத் தள்ளிவைத்துவிடுவார்களாம். படிகாரம் தடவலாமா?

பதில்: படிகாரம் வேண்டவே வேண்டாம். தேன், மஞ்சள், கடைகளில் விற்கிற காரமான மவுத்வாஷ் எதையும் நீங்களாகத் தடவாதீர்கள்.

உங்கள் அப்பா மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர் ஒருத்தர், கேட்டால் "சூப்பரா சாப்பிடுறேன் சிஸ்டர்" என்பார், பின்னால் நின்ற மனைவி மெதுவாக, "இட்லியை மிக்சியில அடிச்சுத் தரேன் சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான், பிடிபட்டார். வாய்ப்புண்ணுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்று தனியாக இருக்கிறது: சிவந்து எரிந்தால் 1, புண் வந்தும் இட்லி சாதம் இறங்கினால் 2, தண்ணியாகக் கொடுத்தால்தான் இறங்கும் என்றால் 3, எதுவுமே இறங்கவில்லை என்றால் 4. ஆக, நீங்கள் சிஸ்டரிடம் சொல்ல வேண்டியது நேற்று அவர் என்ன சாப்பிட்டார் என்பதைத்தான். சொன்னால் கீமோ சில நாள் தள்ளிப்போகலாம், டோஸைக் குறைக்கலாம், உண்மைதான். மறைத்து, ஜுரத்தில் படுத்து, அட்மிட் ஆனால் அதைவிட அதிகம் தள்ளிப்போகும்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். அதுவரை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா போட்டு, சாப்பிட்டதும், படுக்கப்போகும்போதும் கொப்பளிக்கட்டும், விழுங்க வேண்டாம். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ். வெற்றிலை, புகையிலை, பீடி கூடவே கூடாது. பிரியாணியையும் கத்திரிக்காய்த் தொக்கையும் கொஞ்ச நாள் மறக்கட்டும், ஆம்பூர்க்காரரிடம் இதைச் சொல்வது எனக்கே கொடுமையாகத்தான் இருக்கிறது. ஜுரம் 100.4-ஐத் தொட்டால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கேள்வி (காட்பாடி வாசகர்): பக்கத்துக் கட்டில்காரருக்குக் கீமோ ஏறும்போது வாயில் ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டார்களா?

பதில்: மருந்து வேறாக இருக்கும். ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தை ஊசியாக ஒரேயடியாகச் செலுத்தும்போது அரை மணி நேரம் ஐஸை வாயில் வைத்திருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, வாய்க்குள் மருந்து குறைவாகப் போகும், புண்ணும் குறையும். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறுகிறவருக்கு அதுவே வினை, சில்லென்று எது பட்டாலும் தொண்டை இறுக்கிப் பிடிக்கும். உங்களுக்கு அந்த மருந்துதான் என்றால் ஐஸ் மட்டுமில்லை, பிரிட்ஜ் தண்ணீரும் சில நாளுக்கு ஆகாது. வேலூர் வெயிலில் கஷ்டம்தான், பானைத் தண்ணீர்கூட உறுத்தினால் வெதுவெதுப்பாகவே குடியுங்கள்.