அரசியின் கல்லறைச் சிற்பத்தைப் பார்த்து ஆடை தைக்கலாமா?

கேள்வி: கல்லூரி நாடகத்தில் வரும் 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசி அக்கித்தேன் எலினோருக்கு ஆடை தைக்கிறேன். பிரான்சின் ஃபோன்தெவ்ரோ மடாலயத்தில் உள்ள அவருடைய கல்லறைச் சிற்பத்தின் படம் கையில் இருக்கிறது. அதில் உள்ளபடியே தைக்கலாமா?

பதில்: ஆடையின் அமைப்புக்கு அந்தச் சிற்பத்தைத் தாராளமாக நம்பலாம், நிறத்துக்கு மட்டும் நம்ப வேண்டாம். எலினோர் இறந்தது 1204இல். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கி வண்ணம் தீட்டிய அவருடைய உருவம் 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்க்கப்பட்டதால், மேற்போர்வையில் இன்று தெரியும் நீலத்தை அந்தக் காலத்துச் சாயமாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது தலையில்தான். மோவாயின் அடியில் ஒரு துணிப்பட்டை இறுகச் சுற்றியிருக்கிறது, அதன்மேல் முக்காடு, முக்காட்டின்மேல் கிரீடம். மணமான பெண் கூந்தலை மறைப்பது அன்றைய வழக்கம். பட்டையை மெல்லிய வெள்ளை லினனில் வெட்டி, முக்காட்டை அதிலேயே ஊசியால் குத்திவிட்டால் நடிகை தலையைத் திருப்பும்போது நழுவாது.

1290இல் இறந்த இன்னொரு இங்கிலாந்து அரசி காஸ்டீல் எலினோரின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிற்பம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் கூந்தல் விரிந்து தோளில் விழுவது அரச சடங்குக்கான கோலம். அதை அன்றாடக் காட்சிக்கு எடுக்காதீர்கள். ஆனால் அவருடைய ஒரு கையைக் கூர்ந்து பாருங்கள்: மேற்போர்வையின் இரு ஓரங்களையும் மார்பின் குறுக்கே இணைக்கும் கயிற்றை விரல்கள் பற்றியிருக்கின்றன. போர்வை தோளிலிருந்து சரியாமல் நின்றது அந்தக் கயிற்றால்தான் என்பதால், கொக்கிக்குப் பதிலாகக் கயிறே தையுங்கள். கையை எங்கே வைப்பது என்று நடிகை தவிக்கவும் மாட்டார். தலை தலையணையில் கிடந்தாலும் அவருடைய ஆடை மடிப்புகள் நிற்பவருக்கு விழுவதுபோலவே நேராக இறங்குவதால், துணி விழும் விதத்தை அதிலிருந்து அப்படியே அறியலாம்.

சிற்பங்களில் அங்கி பாதத்தின்மேல் வழிகிறது. மேடைக்கு அதைக் கணுக்கால் அளவில் நிறுத்துங்கள். இடைவாரின் நுனி முன்புறம் தொங்கட்டும். சிறு பை ஒன்றும் கோக்க விரும்பினால் அக்கித்தேன் எலினோரின் மருமகள் பெரெங்காரியாவின் சிற்பத்தைப் பாருங்கள், அவருடைய இடைவாரில் அது தொங்குகிறது.