முதலில் கொப்பியை மூடச் சொல்லுங்கள்: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரிய ஆலோசகரின் பதில்கள்

உவர்மலையிலிருந்து ஒரு தாய்: மகன் ஒன்பதாம் தரம். படிப்புக்கு டெப் (தொடுதிரைக் கணினி) வாங்கிக் கொடுக்கலாமா?

பணம் இருந்தால் வாங்குங்கள் அம்மா. படிப்பான் என்று நம்பி வாங்காதீர்கள். இரவில் அது உங்கள் அலுமாரியில் இருக்கட்டும்.

கிண்ணியா ஆசிரியை: பிரசாரணத்தை, அதாவது மென்சவ்வினூடாகத் தண்ணீர் உப்புக் கூடிய பக்கம் நகர்வதை, புரொஜெக்டரில் அழகான காணொளியாகக் காட்டினேன். தவணைப் பரீட்சையில் பாதிப் பேர் அந்த வினாவைத் தொடவே இல்லை.

ரீச்சர், இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். படம் முடிந்ததும் "விளங்கியதா?" என்றேன். "ஓம் சேர்" என்று வகுப்பே முழங்கியது. கொப்பிகளை மூடச் சொல்லிவிட்டு, "பாகற்காய்த் துண்டுக்கு உப்பிட்டால் தட்டில் தண்ணீர் சேர்வதேன்?" என்று கேட்டேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வீட்டில் கருவாடு போடுகிற பையன் ஒருவன் கடைசி வாங்கிலிருந்து, "உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுக்கும் சேர்" என்றான். அந்த "இழுக்கும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கலமென்சவ்வுக்கே போக முடிந்தது.

பார்ப்பதும் திரும்ப வாசிப்பதும் தெரிந்துவிட்டதுபோல ஒரு மயக்கத்தைத் தரும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். காணொளி இருக்கட்டும் ரீச்சர். அது முடிந்ததும் மூன்று வினா, கொப்பி மூடியபடி.

மூதூர் ஆசிரியர்: சில பிள்ளைகள் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால். பயிற்சிப் பட்டறையில் அப்படித்தானே சொல்லித் தந்தார்கள்?

சொல்லித் தந்தார்கள், நானும் ஒரு காலத்தில் சொல்லித் தந்தேன். 2008இல் உளவியலாளர் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைக்கு விருப்பம் இருக்கலாம். விருப்பப்படி கற்பித்தால் கூடுதலாகக் கற்கும் என்பதுதான் நிறுவப்படவில்லை.

மூதூர் ஆசிரியர்: இருபது வருடமாகக் கண்ணால் கண்டதைப் பொய் என்கிறீர்களா, சேர்?

கண்டது பொய்யில்லை, அதற்குச் சொல்லும் காரணம் பிழை. நம் திருகோணமலைத் துறைமுகத்தின் வளைவுகளை வரைபடம் இல்லாமல் வாயால் சொல்லி விளக்க முடியுமா? தேவாரப் பண் ஒன்றைப் படம் கீறிப் படிப்பிக்க முடியுமா? கண்ணா காதா என்பதைப் பாடம்தான் தீர்மானிக்கிறது. பிள்ளையின் நெற்றியில் "காது" என்று ஒட்டிவிட்டால், வரைபடம் வாசிக்கத் தெரியாமலே அது பத்தாம் தரத்துக்கு வந்துவிடும்.

நிலாவெளியிலிருந்து ஒரு தந்தை: எந்த டெப் நல்லது?

உவர்மலை அம்மாவுக்குச் சொன்னதுதான்.

சம்பூர் ஆசிரியர்: சிக்னல் போதாத பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் எதை அனுப்பலாம்?

2020இல் பாடசாலைகள் மூடியபோது நாம் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்பினோம். பிள்ளைகள் அச்சுப்பிசகாமல் பார்த்து எழுதினார்கள், கையெழுத்துத்தான் திருந்தியது. இரண்டு வினாக்களை எழுத்தில் அனுப்புங்கள், டேட்டாவும் அதிகம் போகாது. விடையைக் கொப்பி பார்க்காமல் எழுதி மறுநாள் கொண்டு வரட்டும்.

தம்பலகாமம் மாணவி: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கட்டுரை எழுதுவது தவறா?

பரீட்சை மண்டபத்துக்குள் அது வராது, பிள்ளை. முதலில் நீங்கள் எழுதுங்கள். பிறகு அதனிடம் பிழை கேளுங்கள். அது சொல்வதையும் பாடநூலோடு ஒப்பிடுங்கள்.

குச்சவெளியிலிருந்து ஒருவர்: டெப்பில் விளையாட்டுகளை எப்படித் தடுப்பது?

கைபேசி திருத்தும் கடையில் கேளுங்கள்.

மூதூர் ஆசிரியர்: இருந்தாலும் சேர், அந்தக் காதுப் பிள்ளைகள்...

சனிக்கிழமை பஸ் ஏறி வாருங்கள் தம்பி. உங்கள் இரண்டு வகுப்பு விடைத்தாள்களையும் கொண்டு வாருங்கள். தேநீரோடு சண்டை பிடிப்போம்.