வெள்ளி நாணயத்தில் பால் புள்ளி

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 999 தூய்மை வெள்ளி நாணயங்களை அவற்றின் வட்டக் கேப்சூலிலிருந்து ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை. ஆனாலும் இரண்டில் பால் தெறித்தது போன்ற வெண்புள்ளிகள் தோன்றியுள்ளன. மற்றொன்றின் விளிம்பு மஞ்சளாகி வருகிறது. என் பராமரிப்பில் என்ன தவறு?

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். வெண்புள்ளிக்கு நீங்கள் பொறுப்பல்ல. அச்சடிப்பதற்கு முன் வெள்ளி வில்லைகளைக் கழுவும்போது அவற்றில் தங்கிவிடும் வேதிப்பொருளின் எச்சம், பதப்படுத்தும் உலையின் சூட்டில் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வெளியே தெரிகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம். கனடா நாணயச்சாலை தன் வெள்ளி மேப்பிள் லீஃப் நாணயங்களுக்கு 2018இல் ‘மின்ட்ஷீல்ட்’ என்ற மேற்பரப்புக் காப்பு முறையைக் கொண்டுவந்ததும் இந்தத் தொல்லையைக் குறைப்பதற்காகத்தான். வந்த புள்ளியைப் பென்சில் ரப்பரால் தேய்த்து அகற்றுவோர் உண்டு. புள்ளி போகும், ஆனால் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் மயிரிழைக் கீறல்கள் வரிவரியாகத் தெரியும். கீறலைவிடப் புள்ளியே மேல் என்பது என் கருத்து.

மஞ்சள் விளிம்பைப் பற்றி நீங்கள் கட்டாயம் கவலைப்பட வேண்டும். காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடு படலத்தை உண்டாக்குகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு, நீலம் என மாறி இறுதியில் கறுப்பில் முடியும். கேப்சூல் தூசியையும் விரலையும் தடுக்குமேயன்றிக் காற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. மூடி பொருந்தும் இடுக்கின் வழியே காற்று நுழைவதால் பெரும்பாலும் விளிம்புதான் முதலில் நிறம் மாறுகிறது. ஆகவே கேப்சூலைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் பேண்ட், சாதாரண அட்டைப்பெட்டி, கம்பளித் துணி, புதிதாக வண்ணம் பூசிய மர அலமாரி ஆகியவற்றின் அருகே வெள்ளியை வைக்கக் கூடாது. இறுக மூடும் பாலிபுரொப்பிலீன் டப்பாவில், கந்தகத்தை ஈர்த்து வெள்ளி கறுக்காமல் தடுக்கும் தாள் ஒன்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தை மட்டுமே உறிஞ்சும்; அது நிரம்பியதும் உலர்த்தாமல் விட்டுவிட்டால் டப்பாவில் இருந்தும் பயனில்லை.

நாணயத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். அதன்மேல் குனிந்து பேசாதீர்கள். என்னிடமுள்ள செம்பு நாணயம் ஒன்றில் இருக்கும் மூன்று கரும்புள்ளிகள், அதன் அழகை நண்பருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது தெறித்த எச்சிலின் நினைவுச் சின்னங்கள்.

கேள்வி: பழைய ஆல்பத்தின் மென்மையான உறைகளில் இருந்த நாணயங்களின் மேல் பச்சை நிறப் பிசுக்கு படிந்துள்ளது. இது களிம்பா?

பதில்: செம்பில் ஏறும் களிம்பு இறுகிக் காணப்படும், பிசுபிசுப்பது பெரும்பாலும் பிவிசி உறையின் வேலை. உறை வளைய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் மென்மையாக்கி கசிந்து நாணயத்தில் படிகிறது. பிவிசி சிதையும்போது வெளிவரும் அமிலம் உலோகத்தையும் அரிக்கிறது. ஆகையால் நாணயங்களை இன்றே உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்ணப்பூச்சு இல்லாத நாணயமாயின், தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடங்கள் அமிழ்த்தி, புதிய அசிட்டோனில் மறுமுறை அலசி, துடைக்காமல் தானே உலர விடுங்கள். நகச்சாய நீக்கியில் நிறமும் மணமும் கலந்திருப்பதால் அது உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் விளக்குச் சுடருக்கும் எட்டத்தில் செய்யுங்கள். அசிட்டோன் பிசுக்கைக் கரைக்குமே தவிர, ஏற்கெனவே அரிக்கப்பட்ட குழிகளை ஆற்றாது. மாற்று உறையாக மைலார் என்ற பாலியெஸ்டர் படல உறையை வாங்கலாம். அது சற்று விறைப்பாக இருக்கும், நாணயத்தைச் செருகும்போது அதன் முனை கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளியைப் பளபளப்பாக்கும் திரவத்தில் ப்ரூஃப் நாணயத்தை (கண்ணாடிபோல் மின்னும்படி தனிக் கவனத்தோடு அச்சடித்த நாணயம்) முக்கி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் திரவத்திலுள்ள அமிலமும் தயோயூரியாவும் கறுப்போடு சேர்த்து மேற்பரப்பையும் சிறிது கரைத்துவிடும். கண்ணாடி போன்ற தளம் மங்கியபின் அதை மீட்க வழியில்லை.