இந்தக் காலத்திலும் நரபலி நடக்கிறதா?

நடக்கிறது. "படிப்பறிவு இல்லாத இடத்தில்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியும் இல்லை.

2022 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்த இலந்தூர் வழக்கைப் பாருங்கள். இடம் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டம்; கேரளமோ எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாநிலம். போலீஸ் தரப்பு சொல்வதன்படி, ஒருவன் பேஸ்புக்கில் பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி ஒரு தம்பதியிடம் பேசிப் பழகி, பலி கொடுத்தால் செல்வம் சேரும் என்று நம்பவைத்தான். கொல்லப்பட்டவர்கள் தெருவில் லாட்டரிச் சீட்டு விற்ற இரண்டு பெண்கள். ஒருவர் தர்மபுரியிலிருந்து கொச்சிக்குப் பிழைக்கப் போனவர். பணம் தருவதாகச் சொல்லித்தான் அழைத்துப் போயிருக்கிறார்கள். முதல் பெண் காணாமல் போனது ஜூனில். செப்டம்பரில் இரண்டாமவரும் காணாமல் போய், அவரைத் தேடியபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்: 'இவர்களை யார் பெரிதாகத் தேடப்போகிறார்கள்' என்ற கணக்கு.

கொலைக்குத் தண்டனை எங்கும் உண்டு. ஆனால் தூண்டிவிடும் மந்திரவாதியை முன்பே மடக்கத் தனிச் சட்டம் வேண்டும். மகாராஷ்டிரம் 2013இல் அதைக் கொண்டுவந்தது. அதற்காக வருஷக்கணக்கில் போராடிய பகுத்தறிவாளர் நரேந்திர தபோல்கர் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு. இலந்தூர் கொலைகள் நடந்தபோது கேரளத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை.